பருப்பு எங்கே சீக்கிரம் வேகும்? பிள்ளைகளை எழுப்பி நடக்கவிட்டுப் பேசவைக்கும் வழி

கோத்தகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆள் இல்லாத நாளில் சமூக அறிவியலும் என் தலையில்தான். 32 பிள்ளைகள், 11 பெஞ்சு, இரண்டு ஜன்னல். டிசம்பர், ஜனவரியில் முதல் பீரியடில் பேனா பிடிக்க விரல் மடங்காது. சுவெட்டர் கைக்குள் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் "யார் சொல்றீங்க?" என்று கேட்டால், வழக்கமான அந்த ஐந்து கைகள் மட்டும் மேலே வரும். மீதி 27 பேரும் மணி அடிக்கக் காத்திருப்பார்கள்.

உண்மையைச் சொன்னால், நான் பிள்ளைகளை எழுப்பியது கல்விக் கொள்கை எதையும் படித்துவிட்டு அல்ல. குளிருக்காக. "எல்லாரும் எழுந்து அந்தச் சுவருக்குப் போங்க, பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட விடையைச் சொல்லிட்டு வாங்க" என்றேன். போனார்கள், வந்தார்கள். மூன்றாம் பெஞ்சில் ஜூன் மாதத்திலிருந்து வாய் திறக்காத ஒரு பிள்ளை, சுவரோரம் நின்று இன்னொருத்தியிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். என்னிடம் பேசத்தான் அவளுக்குப் பயம், பேசவே பயமில்லை என்று எனக்குப் புரிய ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

அதிலிருந்து ஏழெட்டு வருடமாகச் செய்து, கெடுத்து, திருத்தி வைத்திருப்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வகுப்பு என் வகுப்பு மாதிரி இருக்காது. அளவெடுத்துச் சட்டை தைப்பது உங்கள் பாடு.

முதலில் கேள்வி, பிறகுதான் கால்

நடக்கவைப்பது சுலபம். நடந்து போய் நின்ற பிறகு பேசுவதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் கேள்வியில்தான் இருக்கிறது. "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்று கேட்டு எழுப்பிவிட்டால், தெரிந்தவன் ஒரு வரி ஒப்பிப்பான், தெரியாதவன் தலையாட்டுவான், 20 விநாடியில் பேச்சு முடிந்துவிடும். மிச்ச நேரம் அடிதடிதான். என் முதல் ஆறேழு முயற்சிகள் இப்படித்தான் போயின. தப்பு பிள்ளைகள் மேல் இல்லை.

நல்ல கேள்வி வகுப்பைப் பிளக்கும். கேட்டவுடனே நாலு பேர் நாலு பக்கம் சாயவேண்டும், நாலு பேருக்கும் அவரவர் சாய்ந்ததற்கு ஒரு நியாயம் இருக்கவேண்டும். நான் அடிக்கடி எடுக்கும் கேள்வி இது:

ஒரே பருப்பு, ஒரே அடுப்பு, குக்கர் இல்லாமல் திறந்த பாத்திரம். தண்ணீர் கொதித்த பிறகு பருப்பைப் போடுகிறோம். எங்கே சீக்கிரம் வேகும்? மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்திலா, மலைமேல் இருக்கும் நம் கோத்தகிரியிலா, அதைவிட உயரமான தொட்டபெட்டா உச்சியிலா, எல்லா இடத்திலும் ஒரே நேரமா?

நாலு விடை, நாலு மூலை. ஒவ்வொரு மூலையிலும் ஒரு பழைய காலண்டர் தாளில் இடத்தின் பெயரை எழுதி மாட்டிவைப்பேன்.

இப்போது பெரிய எச்சரிக்கை. கேள்வியைச் சொன்ன கையோடு "போங்க" என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன். வகுப்புத் தலைவன் தொட்டபெட்டா மூலைக்குப் போனான், அவன் பின்னாலேயே 20 பேர் போனார்கள். கிரிக்கெட்டில் அணி பிரிப்பது மாதிரி ஆகிவிட்டது. ஆகவே முதலில் எழுத்து. கால்பக்கத் தாள் துண்டு ஒன்று, அதில் விடை ஒரு எழுத்து, காரணம் ஒரு வரி, இரண்டு நிமிடம், பேச்சு இல்லை. பிறகு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். எழுதியது ஒன்று, நின்ற மூலை வேறு என்று இருக்கக்கூடாது. "நீ என்ன எழுதியிருக்கே, காட்டு" என்று நான் ஒரு சுற்று வருவேன், அவ்வளவுதான். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு கூட்டத்தோடு கோவிந்தா போடுவது பாதிக்கு மேல் நின்றுபோனது.

சென்ற முறை மேட்டுப்பாளையத்தில் 11 பேர், கோத்தகிரியில் 3, தொட்டபெட்டாவில் 12, ஒரே நேரத்தில் 6 பேர் நின்றார்கள். இந்த இடத்தில் நம் முகம் ஒன்றையும் காட்டக்கூடாது. மேட்டுப்பாளையத்துக்காரர்களைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தால் போதும், அத்தனை பேரும் அங்கே வந்து குவிந்துவிடுவார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

முதல் நாலு நிமிடம் அந்தந்த மூலைக்குள்ளேயே பேச்சு: நம் கட்சிக்கு எது வலுவான காரணம்? பிறகு ஆறு நிமிடம், வேறு மூலையில் இருக்கும் ஒருவரைத் தேடிப்போய் இருவராக நின்று பேசவேண்டும். உன் காரணத்தைச் சொல், அவர் காரணத்தைக் கேள், மனசு மாறினால் வெட்கப்படாமல் மூலை மாறலாம்.

அன்றைக்கு நான் காதில் வாங்கியது. தொட்டபெட்டாக்காரன்: "மேலே போகப்போகத் தண்ணி சீக்கிரம் கொதிச்சிடும்டா. அப்ப பருப்பும் சீக்கிரம் வெந்துடும்ல?" 'ஒரே நேரம்' மூலைக்காரி புத்தகத்தை விரித்துக் காட்டினாள்: "தண்ணி 100 டிகிரியில கொதிக்கும்னு போட்டிருக்கு. எந்த ஊரானா என்ன?" மேட்டுப்பாளையத்து மூலையிலிருந்து ஒரு பெண்: "எங்க சித்தி வீடு கீழே, மேட்டுப்பாளையம் பக்கத்துக் காரமடை. அங்க பருப்பு சட்டியிலயே வெந்துடும். இங்க பாட்டி குக்கர் இல்லாம அடுப்பே பத்தவைக்க மாட்டாங்க." அதற்கு ஒரு பையன், "அது தண்ணியால இருக்கும், உப்புத் தண்ணியில பருப்பு வேகாது" என்று இடையில் புகுந்தான். கடினநீரில் பருப்பு தாமதமாக வேகும் என்பது சரிதான். ஆனால் அப்படிப் பார்த்தால் காரமடையில்தானே தாமதமாகவேண்டும் என்று அவள் திருப்பிப் போட்டாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

கடைசியில் திருப்பம் தொட்டபெட்டா மூலையிலிருந்தே வந்தது. அங்கே நின்ற ஒருத்தி யோசித்துக்கொண்டே சொன்னாள்: "கொதிக்கறது வேற, வேகறது வேற. கம்மிச் சூட்டுலயே கொதிச்சா, சூடு கம்மியாத்தானே இருக்கும்?" சொல்லிவிட்டு அவளே மூலை மாறினாள். பின்னால் நாலைந்து பேர். இந்த முறை அவர்கள் போனது தலைவனுக்காக அல்ல.

அதன் பிறகுதான் நான் சாக்பீஸை எடுத்தேன். கடல் மட்டத்தில் 100 டிகிரி. ஏறக்குறைய 300 மீட்டர் ஏற ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையத்தில் சுமார் 99, 1,800 மீட்டர் அளவில் இருக்கும் கோத்தகிரியில் சுமார் 94, 2,637 மீட்டர் தொட்டபெட்டாவில் 91 சொச்சம். காற்றின் அழுத்தம் குறைய, கொதிநிலை குறைகிறது. சூடு குறைய, வேகும் நேரம் கூடுகிறது. ஆகவே மேட்டுப்பாளையத்தில்தான் சீக்கிரம் வேகும். குக்கர் செய்வது இதற்கு நேர்மாறு. எட்டு நிமிடத்தில் முடிந்தது. நேராகப் பாடமாக நடத்தியிருந்தால் ஒரு பீரியட் போயிருக்கும், பாதிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

இந்த முறைக்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் 1990-களின் தொடக்கத்தில் இப்படி ஆரம்பித்தார்: கேள்வி போடு, தனியாக விடை தேர்ந்தெடுக்கச் சொல், பக்கத்து ஆளோடு வாதாடவிடு, மறுபடி தேர்ந்தெடுக்கச் சொல். அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே செய்தார்கள், நான் கால்களைச் சேர்த்துக்கொண்டேன். அவர் கணக்கில் ஒன்று எனக்கு மிகவும் உதவுகிறது. முதல் சுற்றில் சரியான விடை சொன்னவர்கள் சுமார் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால்தான் பேசவிடுவதில் லாபம். அதற்கும் கீழே என்றால் பாடமே ஏறவில்லை, திரும்ப நடத்தவேண்டும். மேலே என்றால் கேள்வி சப்பை, அடுத்ததுக்குப் போகலாம். 32-க்கு 11 என்பது 34 சதவீதம். தப்பித்தேன்.

சரி, தப்பு இல்லாத கேள்விக்கு ஒரு கோடு

மூலை என்பது சரியான விடை ஒன்று இருக்கும் கேள்விக்கு. கருத்துக் கேள்விக்குக் கோடுதான் நல்லது. வராண்டாவில் ஒரு முனை "முழுக்க வேண்டும்", மறுமுனை "வேண்டவே வேண்டாம்". நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், ஆனால் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை பேசி, "நீ எனக்கு முன்னாடியா பின்னாடியா" என்று தீர்மானித்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். அந்தத் தள்ளுமுள்ளே பாதிப் பேச்சு.

எங்கள் பிள்ளைகளுக்கு இ-பாஸ், அதாவது மலைக்கு வரும் வண்டிகள் இணையத்தில் எடுக்கவேண்டிய அனுமதி, ஒரு தீராத கேள்வி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு கோடையில், நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். வகுப்பில் ஒருவனுடைய அப்பா டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறார், இன்னொருத்தி வீட்டில் ரோட்டோரம் கேரட் விற்கிறார்கள், மற்றொருவனின் பாட்டியை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனபோது சீசன் நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். இவர்களில் யார் சொல்வது தப்பு?

வரிசை நின்றதும் முக்கியமான வேலை, கோட்டை மடிப்பது. அப்படியே விட்டால் பக்கத்தில் இருப்பவன் நம்ம கட்சிக்காரன்தான், பேச என்ன இருக்கிறது? வரிசையின் ஒரு முனையில் இருப்பவரைக் கையைப் பிடித்து (அல்லது தாளால் தட்டி) மறுமுனைக்கு நடத்திக் கூட்டிப்போங்கள், பின்னால் இருப்பவர்கள் தொடர்ந்து வருவார்கள். பாதியில் நிறுத்தினால் 16 பேருக்கு எதிரில் 16 பேர். உச்சத்தில் நின்றவருக்கு எதிரே எதிர் உச்சத்தில் நின்றவர். நடுவில் நின்றவர்களுக்கு எதிரே அரை மனசுக்காரர்கள். அவர்கள் பேச்சு சுவாரசியம் குறைவு, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. வரிசையை மடிக்காமல் நடுவில் வெட்டி, ஒரு பாதியை அப்படியே சறுக்கி மறுபாதிக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினால், எல்லோருக்கும் எதிராளி ஏறக்குறைய ஒரே தூரத்தில் அமைவார். ஆனால் எங்கள் வராண்டாவில் சறுக்க இடம் பத்தாது, ஆகவே மடிப்புதான்.

ஒரு நிமிடம் இவர், ஒரு நிமிடம் அவர். ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக்கூடாது. முடிந்ததும் நான் கேட்பது, "நீ என்ன சொன்னே?" என்று அல்ல. "உனக்கு எதிரில் நின்றவர் என்ன சொன்னார்?" என்று. இந்த ஒரு கேள்வியில்தான் காது திறக்கிறது. எதிராளியின் வாதத்தை அவரே "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று தலையாட்டும்படி சொல்லவேண்டும். டூரிஸ்ட் வண்டிக்காரர் மகன் ஆம்புலன்ஸ் கதையைச் சொன்ன விதத்தில் அன்று வராண்டாவே அமைதியாகிவிட்டது. அவன் நின்ற இடம் ஒரு அடிகூட மாறவில்லை. மாறவேண்டும் என்று அவசியமும் இல்லை.

இடம் இல்லை என்று சொல்லாதீர்கள்

உள்வட்டம், வெளிவட்டம் என்று ஒன்று எல்லாப் பயிற்சிகளிலும் சொல்லித் தருவார்கள். பாதிப் பேர் உள்ளே வெளிநோக்கி, பாதிப் பேர் வெளியே உள்நோக்கி, மணி அடித்தால் வெளிவட்டம் ஒரு இடம் நகரவேண்டும். பயிற்சி நடக்கும் ஹாலில் அழகாக இருக்கும். எங்கள் வகுப்பறையில் 32 பேர் வட்டம் போட்டால் பாதிப் பேர் கரும்பலகை மேல் நிற்கவேண்டும். மைதானத்தில் போடலாமே என்பீர்கள். எங்கள் மைதானத்தின் சரிவுக்குக் கீழே தேயிலைத் தோட்டம், காட்டெருமை எந்த நேரத்தில் ஏறி வரும் என்று சொல்ல முடியாது.

வட்டத்தை நசுக்கி எதிரெதிர் வரிசையாக்கிவிடுங்கள். பெஞ்சுகளை இரண்டு பக்கச் சுவரோரம் ஒதுக்கி நடுவில் ஒரு நடைபாதை. ஒரு வரிசை அசையாது. மறுவரிசை ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் வலப்பக்கம் நகரும். கடைசியில் இருப்பவர் பின்பக்கமாகச் சுற்றி முதல் இடத்துக்கு வருவார். ஐந்து முறை நகர்ந்தால் ஒரு பிள்ளை ஐந்து பேரிடம் ஒரே விஷயத்தைச் சொல்லியிருப்பாள். முதல் முறை தட்டுத்தடுமாறிச் சொன்னது ஐந்தாம் முறை தண்ணீர் மாதிரி ஓடும். வாய்மொழித் தேர்வுக்கு இதைவிட நல்ல ஒத்திகை எனக்குத் தெரியாது.

அசையாத வரிசைக்கு இன்னொரு பயனும் உண்டு. எங்கள் வகுப்பில் காலுக்குக் காலிபர் (தாங்குகம்பி) போட்ட பையன் ஒருவன் இருந்தான். முதல் மாதம் நான் மடத்தனமாக, "நீ உட்கார்ந்தே இரு கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அவன் மூஞ்சி தொங்கிப்போயிற்று. பிறகுதான் புத்தி வந்தது: அவனை அசையாத வரிசையில் ஜன்னலோரமாக நிறுத்தினால், வகுப்பே அவனைத் தேடி வரும். தனியாக விதி எதுவும் தேவைப்படவில்லை. நாலு மூலை விளையாட்டில், அவன் உட்கார்ந்திருக்கும் இடத்தையே அவன் தேர்ந்தெடுத்த மூலையாக ஆக்கிவிடுவேன், அட்டை அங்கே போய்த் தொங்கும்.

ஒற்றைப்படையில் ஆள் வந்தால் மூவராக ஒரு ஜோடி. நீங்கள் போய் ஜோடி சேராதீர்கள். நீங்கள் பேச ஆரம்பித்தால் மற்ற 30 பேரை யார் பார்ப்பது?

அட்டை மாற்று

இது வேலை குறைவு, பலன் அதிகம், ஆகவே சுருக்கமாக. ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை. ஒரு பக்கம் நிகழ்வு, பின்பக்கம் விடை. வெப்பம் பரவும் பாடத்துக்கு நான் எழுதியவை: சுடுடீ ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு சுடுவது (வெப்பக் கடத்தல்), அண்டாவில் வெந்நீர் மேலும் கீழும் புரள்வது (வெப்பச் சலனம்), விறகடுப்புக்கு எதிரே உட்கார்ந்தால் முகம் காய்வது (வெப்பக் கதிர்வீச்சு). நடந்து போய் யாரையாவது பிடி, உன் அட்டையைக் கேள், அவர் அட்டைக்குப் பதில் சொல், காரணமும் சொல், பிறகு அட்டையை மாற்றிக்கொண்டு அடுத்த ஆளிடம் போ. மாற்றிக்கொள்வதுதான் சூட்சுமம். இப்போது கையில் இருப்பது சற்று முன் கேட்டுத் தெரிந்துகொண்ட அட்டை. காது கொடுத்துக் கேட்காதவன் அடுத்த ஆளிடம் மாட்டிக்கொள்வான்.

சுவர், கயிறு, மழை

தாள்களைச் சுவரில் ஒட்டிவைத்து, குழுக்குழுவாகப் போய்ப் படித்து, கருத்து எழுதி, அடுத்த தாளுக்கு நகர்வது. எட்டுத் தாள், நாலு பேர் கொண்ட எட்டுக் குழு, மூன்று நிமிடத்துக்கு ஒரு நகர்வு. எல்லோரும் ஒரே திசையில், கடிகாரச் சுற்றில். இதைச் சொல்ல மறந்தால் கதவருகே முட்டிக்கொள்வார்கள். குழுவுக்கு ஒரு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா கொடுங்கள். "சூப்பர்", "நல்லா இருக்கு" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனது யார் என்று நிறமே சொல்லிவிடும்.

சுவர் நடையை இன்னும் உருப்படியாக்க, ஒவ்வொரு தாளிலும் அதை எழுதிய குழுவிலிருந்து ஒருவர் நின்று வருபவர்களுக்கு விளக்கட்டும், மற்ற மூவர் சுற்றட்டும். பாதியில் ஆளை மாற்றுங்கள். நின்று விளக்க முதலில் அனுப்பவேண்டியது வாயாடியை அல்ல, ஊமைக்கொட்டானை. நாலாவது குழு வரும்போது அவன் குரல் உயர்வதைக் கேட்பீர்கள்.

செல்லோடேப் பற்றி. மழைக்காலத்தில் எங்கள் சுவர் வியர்க்கும். நான் முதன்முதலாகச் சுவர் நடை வைத்த நாளில், இரண்டாவது நகர்வுக்குள் எட்டுத் தாளில் ஐந்து தாள் தரையில் கிடந்தன, ஈரச் செருப்புத் தடத்தோடு. ராத்திரி உட்கார்ந்து எழுதிய தாள்கள். அழுகை வந்துவிட்டது. மறுவாரம் கோத்தகிரிச் சந்தையில் நைலான் கயிறும் இரண்டு டஜன் துணி கிளிப்பும் வாங்கினேன். ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கொக்கிக்கும் குறுக்கே கயிறு, அதில் கிளிப் போட்டுத் தாள். ஒட்டவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம், சுண்ணாம்பு பெயர்ந்தது என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். கயிறு பிள்ளைகளின் நெஞ்சளவு உயரத்தில் சுவரை ஒட்டியே போகட்டும். நடைபாதைக்குக் குறுக்கே கட்டினால் கழுத்தில் மாட்டும்.

எங்கள் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரியது. அக்டோபர், நவம்பரில் தகரக் கூரை மேல் மழை இறங்கினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அந்த நாளில் பேச்சே இல்லாத சுவர் நடை வைப்பேன். தாளின் நடுவில் ஒரு கேள்வி. உதாரணமாக, "நம் ஊரில் கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் வெட்டிவிட்டுச் சோலை மரம் நடவேண்டுமா?" (கற்பூர மரம் என்று நாங்கள் சொல்வது யூகலிப்டஸ், சீகை என்பது வாட்டில், இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவை; சோலை மரம் இந்த மலையின் சொந்தக் காட்டு மரம்.) நடந்து நடந்து பேனாவால்தான் பேசவேண்டும், ஒருவர் எழுதியதற்குக் கோடு இழுத்து இன்னொருவர் பதில் எழுதவேண்டும். "சீகையை வெட்டினா விறகுக்கு எங்க போறது?" என்று ஒரு கை. அதன் கீழே வேறு கையெழுத்தில், "கேஸ் இருக்கே". அதற்கும் கீழே, "சிலிண்டர் விலை தெரியுமா?" கூடலூர்ப் பக்கத்து டீச்சர்களுக்கு இதே வேலை ஜூன், ஜூலையில் தேவைப்படும்.

சத்தம், ஜோடி, மொழி

பக்கத்து வகுப்பிலிருந்து, "டீச்சர், இது பள்ளிக்கூடமா, பஸ் ஸ்டாண்டா?" என்று ஒருமுறை கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். விசில் ஊதிப் பார்த்தேன், சத்தத்துக்கு மேல் சத்தம். இப்போது எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் மூன்று தட்டு. கேட்டவர்கள் பேச்சை நிறுத்திக் கையைத் தூக்குவார்கள், தூக்கிய கையைப் பார்த்தவர்கள் தூக்குவார்கள். பத்து விநாடியில் அடங்கும். ஆனால் இது முதல் நாளே வராது. பாடமே இல்லாமல் இரண்டு நாள், ஐந்து ஐந்து நிமிடம், எழுவது, நகர்வது, டம்ளர் சத்தத்துக்கு நிற்பது என்று பழக்கினேன். அது வீண் நேரம் இல்லை. இன்னொன்று, பக்கத்து வகுப்பு சாரிடம் என்றைக்கு, எந்த பீரியட் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இப்போது அவர், "இன்னைக்கு நடைப்பயணம் இல்லையா?" என்று விசாரிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

ஜோடி சேர்ப்பதைப் பிள்ளைகள் கையில் விட்டால், ஹட்டி எனும் படுகர் ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் ஹட்டிப் பிள்ளைகளோடும், தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைன்களிலிருந்து வரும் பிள்ளைகள் லைன் பிள்ளைகளோடும்தான் போவார்கள். சண்டை கிடையாது, பழக்கம். இதை உடைக்கத்தான் எண்ணிக்கை இருக்கிறது: வரிசையாக 1 முதல் 16 வரை எண்ணி, மறுபடி 1 முதல் 16, ஒரே எண் வந்தவர்கள் ஜோடி. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது மூண்ட பகையைத் தணிக்க எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு ஏற்பாடு செய்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். மற்றவர் துண்டு இல்லாமல் யாருக்கும் பாடம் முழுமையாகாது. என் வகுப்பில் பகை இல்லை, ஆனால் தேவை என்பது பிள்ளைகளைப் பக்கத்தில் கொண்டுவரும் என்பதை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். என் அட்டை மாற்று அதன் சின்னத் தம்பி.

எட்டாம் வகுப்பில் ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று கண்ணைப் பார்த்துப் பேசு என்றால் நடக்காது. ஒரு பக்கம் சிரிப்பு, மறுபக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது. முதல் பருவம் முழுக்க நான் கட்டாயப்படுத்துவதில்லை. இருவர் கையிலும் ஒரு பொதுவான தாள் கொடுத்து, தோளுக்குத் தோள் இடைவெளி விட்டு நின்று, தாளைப் பார்த்துப் பேசச் சொல்வேன். கண்ணுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் வாய் தானாகத் திறக்கும். கைகுலுக்கு, கைதட்டிக்கொள் என்று பயிற்சிகளில் வருவதையெல்லாம் விட்டுவிட்டேன்.

மொழி. ஜோடியில் இரண்டு பேரும் படுக வீட்டுப் பிள்ளைகள் என்றால் படுக மொழியில்தான் பேசுவார்கள். முதலில், "தமிழ்ல பேசுங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தேன். அதட்டினால் தமிழ் வரவில்லை, பேச்சு நின்றது. இப்போது ஜோடிக்குள் எந்த மொழி என்று நான் கேட்பதில்லை. வகுப்புக்குச் சொல்லும்போது தமிழ். ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி இரண்டு வருடமாக எங்களோடு இருக்கிறாள். பருப்புக் கேள்வி அன்று அவள் மூலையில் நின்றவள் பாத்திரத்தையும் ஆவியையும் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினாள். வரைந்ததைப் பார்த்துவிட்டு இவள் அதே படத்தில் குக்கர் மூடியைப் போட்டு, மேலே விசிலையும் வரைந்தாள். நான் ஒரு வார்த்தை மொழிபெயர்க்கவில்லை.

இன்னொரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், என்னுடையது. கேள்வி கேட்டுவிட்டு அடுத்த விநாடியே நானே பதிலுக்குத் தாவுவேன். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு காத்திருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது, இன்னும் பலர் வாய் திறக்கிறார்கள். மூன்று விநாடி மௌனம் நமக்குத்தான் பாரம். நான் மனசுக்குள் "கோத்தகிரி, குன்னூர், ஊட்டி" என்று நிதானமாகச் சொல்லிக்கொள்வேன்.

எப்போது வேண்டாம்

புதுப் பாடத்தின் முதல் நாளில் வேண்டாம். பேச வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. மதியம் சாப்பிட்ட உடனே நாலு மூலை வேண்டாம், ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். அட்டை மாற்று போதும். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் நான் வைப்பதில்லை. தினமும் வைத்தால் அதுவும் இன்னொரு பெஞ்சு ஆகிவிடும். 2007-08-இல் தமிழ்நாடு முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தபோது, அட்டையை எடுக்க எழுந்துபோவதும் பாயில் குழுவாக உட்கார்வதும் பிள்ளைகளுக்கு மூச்சுவிடுவது மாதிரி இருந்தது. ஆனால் சில இடங்களில் கடைசியில், அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணிப்படத்தில் பிள்ளை அடுத்த படி ஏறியதா, டிக் போட்டதா என்பது மட்டுமே வேலையாகிப்போனதை அருகில் இருந்து பார்த்தவள் நான். எழுந்து நின்றார்களா என்று எண்ணாதீர்கள், நின்ற இடத்தில் என்ன பேசினார்கள் என்று கேளுங்கள்.

முடிவில் எழுத்து. அதே கால்பக்கத் தாளின் பின்பக்கம் இரண்டு வரி: என் விடை மாறியதா, மாறியது என்றால் யாருடைய எந்த வார்த்தையால்? மாறவில்லை என்றால் யாருக்கு என்ன பதில் சொன்னேன்? மூலை மாறியவளின் தாளை எடுத்துவைத்திருக்கிறேன். "யாரும் சொல்லல, நான் சொல்லும்போதே எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்று எழுதியிருந்தாள்.

40 நிமிடத்தில் கடைசி மூன்று நிமிடத்தைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், பெஞ்சைத் திரும்பப் போடுவதற்கு. எங்கள் பெஞ்சு பழைய காட்டுமரம், இரண்டு பேர் தூக்கினால் காலில் விழும், மூன்று பேர் வேண்டும். பெஞ்சின் கால் நிற்கும் இடத்தில் தரையில் பெயின்ட்டால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருக்கிறோம். புள்ளி மேல் கால் உட்கார்ந்தால் சரி, மணி அடிக்கலாம்.